ஏழாம் மதகும் இரவல் வாக்கியங்களும்

எரிகுச்சி ஹருயோ அந்தப் புத்தகத்தை ஒன்பது வருஷம் கழித்துத் திறந்தது ஆகஸ்டு கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. திறக்காமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்தாள். அவளாகவா திறந்தாள்? நகராட்சியிலிருந்து போன் வந்தது, திறந்தாள்.

போனில் பேசியவர் கலாசாரப் பிரிவு ஹிராகவா. ஓகிசே ஊரின் கடலணை உடைந்து முப்பத்தெட்டு பேர் செத்த புயலுக்கு வருகிற செப்டம்பர் பத்தாம் தேதியோடு எழுபது வருஷம். அணைக்கரையில் ஒரு நினைவுப் பலகை வைக்கிறார்கள்.

"இணையக் கலைக்களஞ்சியத்துல நீங்க எழுதின கட்டுரையோட முதல் பகுதியை அப்படியே பலகையில போட்டுரலாம்னு மேயரே சொல்லிட்டாருங்க. இதைவிட நல்லா எழுத எங்களுக்கு வராது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும். ஒரு தடவை சரிபார்த்துருங்க, போதும்."

ஹருயோவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஐம்பத்தெட்டு வயசு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறாக்கும் சமையற்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக மிசோ சூப் அண்டாவைத் துடுப்புப் போட்டுக் கிளறுகிறவள். சூப்பில் உப்புக் கூடினால் பத்துப் பேர் சொல்வார்கள்; நன்றாக இருந்தால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மேயர் பாராட்டினார் என்று அவளிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை.

களஞ்சியத்தில் அவளுக்குச் 'சேற்றுமீன்' என்று பெயர். அரியாகே வளைகுடாச் சேற்றில் துள்ளுமே, அந்த மீன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த இடத்தில் அவளுக்கு ஒரு கீர்த்தி உண்டு: நகல் வேட்டைக்காரி. அப்படியே காப்பியடித்தவனைப் பிடிப்பது யாராலும் ஆகும். வார்த்தைக்கு வார்த்தை வேறு வார்த்தை போட்டு ஒப்பேற்றியவனைப் பிடிப்பதில்தான் அவள் கெட்டிக்காரி. 'தகவல் எல்லோருக்கும் பொது, சொன்ன விதம் சொன்னவருக்குச் சொந்தம்' என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பாள். எடுத்த கையோடு, இந்தக் கட்டுரையை நீக்குங்கள் என்று நிர்வாகிகளுக்கு எழுதியும் விடுவாள். தயவு தாட்சண்யம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவள்தான் அன்று நூலகத்துக்குப் போய், கடலணையைப் பற்றி ஊர்க்காரர் இஷிமாரு சொந்தச் செலவில் முந்நூறு பிரதி அச்சடித்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் தன் கட்டுரையைத் திறந்தாள்.

புத்தகத்தில் இப்படி இருந்தது: 'முதலில் நாய்கள் குரைத்தன. பிறகு குரைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கடல் உள்ளே வந்தது.'

அவள் கட்டுரையில் இப்படி இருந்தது: 'ஆரம்பத்தில் நாய்கள் குரைத்ததாகவும், பின்னர் குரைப்பொலி நின்றதாகவும், அந்த இடைப்பொழுதிலேயே கடல்நீர் ஊருக்குள் புகுந்ததாகவும் கூறப்படுகிறது.'

கூறப்படுகிறதாம். யார் கூறியது? இஷிமாரு ஒருத்தர்தான் கூறினார். ஹருயோ அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அதுவும் அப்படியே. அடுத்த பத்தி. அதுவும். புத்தகம் எங்கே மூச்சு விட்டதோ அங்கே இவளும் மூச்சு விட்டிருந்தாள். புத்தகம் எதை விட்டுவிட்டுப் போனதோ அதை இவளும் விட்டிருந்தாள். பதினோரு பத்தி, பதினொன்றும் அதே வரிசை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சேர்ந்த புதிதில், ஒரு விதியும் தெரியாத காலத்தில், புத்தகத்தை இடப்பக்கம் விரித்து வைத்து, அகராதியை மடியில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக மாற்றி எழுதினது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அதை உழைப்பு என்று நினைத்திருந்தாள். சொல்லப்போனால் உழைப்புதான், பாவம், மூன்று வாரம் பிடித்தது. அதன் பிறகு ஊரெல்லாம் வேட்டையாடினவள் தன் முதல் கட்டுரையை மட்டும் ஒரு தரம்கூடப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? புத்தகத்தை வருஷத்துக்கு ஒருத்தர் எடுத்தால் அதிகம். ஆனால் பலகை என்பது வேறு விஷயம். இஷிமாருவின் நாய்கள், இஷிமாருவின் கடல், இஷிமாரு பேர் இல்லாமல் அணைக்கரையில் நூறு வருஷம் நிற்கும்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்றால்? அங்கேதான் சிக்கல். ஏனென்றால் அந்தக் கட்டுரையில் கன்ஜி இருந்தார்.

சொயெஜிமா கன்ஜி ஹருயோவுக்கு அறிமுகமானதே சண்டையில்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் 'ஏழாம் மதகு' என்ற பெயரில் களஞ்சியத்துக்குள் வந்து, 'இந்தக் கட்டுரையை எழுதிய சேற்றுமீன் வெட்கப்பட வேண்டும்' என்று எழுதினார். புயல் நாளில் ஏழாம் மதகைக் காவல்காரர் திறந்து போட்டுவிட்டுப் போனதால்தான் கடல் வாய்க்கால் வழியாக வந்து அணையை உள்ளிருந்து அரித்தது என்று இஷிமாரு எழுதியிருந்தார். ஹருயோ வார்த்தையை மாற்றி அதையும் எழுதியிருந்தாள். அந்தக் காவல்காரர் கன்ஜியின் அப்பா யோஷிமாட்சு. ஊர் அவரோடு பேச்சை நிறுத்தியது. செத்துப்போகிற வரை வருஷா வருஷம், இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் ஆகஸ்டுப் பண்டிகைக்கு முப்பத்தெட்டு வீட்டு வாசலிலும் போய்க் குனிந்துவிட்டு வருவார். ஒரு வீட்டிலும் கதவு திறக்காது.

கன்ஜி கடற்பாசி விளைப்பவர். குளிர்காலம் முழுக்கக் கடலில் கம்பங்களுக்கு நடுவே. கோடையில் லீவு கிடைத்தபோதெல்லாம் மாகாண ஆவணக் காப்பகத்துக்குப் போய், புயலுக்கு மறுவருஷம் அச்சான பொறியாளர்களின் ஆய்வறிக்கையைத் தோண்டி எடுத்தார். அச்சாகி அலமாரியில் கிடந்ததே ஒழிய ஒருத்தரும் பிரித்துப் பார்த்ததில்லை. வெளியே கடல் ஏழு மணியிலிருந்து ஏறியது. உள்ளே வாய்க்காலின் அளவுகோல் ஒன்பது நாற்பது வரை ஒரு விரற்கடைகூட அசையவில்லை. மதகு திறந்திருந்தால் உள்ளேயும் அப்போதே ஏறியிருக்குமே. மதகு மூடியிருந்தது. முந்நூறு அடி தள்ளி அணைச்சுவர்தான் தானாக இடிந்தது. அறிக்கையே அப்படித்தான் முடிவு சொல்லியிருந்தது.

அதைக் கன்ஜி ஒரு பகுதியாக எழுதிச் சேர்த்தார். ஹருயோவின் கட்டுரைக்குள், ஹருயோவின் பத்திகளுக்கு நடுவே. அதன் பிறகு இரண்டு பேரும் சிநேகிதமானார்கள். கன்ஜியின் மனைவி தமாஎ கடற்பாசி அடையில் சுருட்டிய சோறு போட, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்துகொண்டு கட்டுரை எழுதினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வசந்தத்தில் கன்ஜி கணையப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

களஞ்சியத்தின் விதி கொடுமையானது, ஆனால் நியாயமானது. முதல் பதிப்பே அடுத்தவர் சொத்து என்றால், அதன்மேல் யார் எதை எழுதினாலும் ஒவ்வொரு பதிப்பிலும் அந்தத் திருட்டு இருக்கிறது என்று அர்த்தம். மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். கன்ஜி எழுதினதும் போகும். யார் எப்போது எழுதினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் அவர் பெயரும் போகும். நூலகத்தில் இஷிமாருவின் புத்தகம் மட்டும் இருக்கும், ஏழாம் மதகைத் திறந்து வைத்தபடி.

ஒரே ஒரு வழிதான் பாக்கி. இஷிமாருவே, என் எழுத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கட்டுரை பிழைக்கும். புதன்கிழமை காலை ஹருயோ ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

எண்பத்து நாலு வயசு. ரிட்டயர்டு நில அளவையர். ஊரே அவரை 'சென்செய்' என்று மரியாதையாகக் கூப்பிடும். ஹருயோ பாயில் நெற்றி படக் குனிந்து, அகராதி, மூன்று வாரம் உட்பட விஷயத்தைச் சொன்னாள். நிமிர்ந்தபோது அவர் பேரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருஷமாச்சா நீங்க வர?" என்றார்.

"சென்செய்க்கு முன்னாடியே தெரியுங்களா?"

"வந்த வாரமே படிச்சேன். புள்ளைக்குச் சட்டையை மாத்தி விட்டுட்டா அப்பனுக்கு அடையாளம் தெரியாதா? நடை என் புள்ளையோட நடை."

"தப்புதாங்க. தெரியாம செஞ்சேன்னு சொல்லி ஒளிஞ்சுக்க வரலை."

"தெரியாம செஞ்சவங்கதான் மூணு வாரம் அகராதி பார்ப்பாங்களாக்கும்." அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு காகிதம் எடுத்து வந்தார். களஞ்சியத்தின் சம்மதப் படிவம். பேரன் அச்செடுத்துக் கொடுத்ததாம். ஊர்ப் பேர், வீட்டு எண் எல்லாம் நிரப்பி, கீழே கையெழுத்துக்குப் பதில் சிவப்பு மையில் அவர் முத்திரையும் குத்தியிருந்தது. "எப்பவோ குத்தி வச்சது. எடுத்துக்கிட்டுப் போகலாம். ஒண்ணே ஒண்ணு. அந்த ஏழாம் மதகுப் பகுதியை எடுத்துருங்க."

ஹருயோவுக்குக் கை நீளவில்லை.

"அது அறிக்கையில இருக்குங்க சென்செய். பொறியாளருங்க அளந்து எழுதினது."

"நானும் அளந்து பொழைச்சவன்தான். அளவு தெரியும்." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு அப்ப பதினாலு வயசு. எங்க அக்கா அந்த வாய்க்கால்லதான் போனா. ஒருத்தன் திறந்து வச்சுட்டுப் போனான்னா, கோவப்பட ஒரு ஆள் இருக்கான். சுவரு தானா விழுந்துச்சுன்னா நான் யார்மேல கோவப்படறது? எழுபது வருஷமா ஒரே ஆள்மேல கோவப்பட்டுட்டு வந்திருக்கேன். இந்த வயசுல ஆளை மாத்தச் சொல்றீங்களா?"

மனுஷன் பொய்யன் இல்லை, துக்கம் அவரை அங்கேயே கட்டிப் போட்டிருந்தது. ஹருயோ அழுதுவிடுவோமோ என்று பயந்து பாயின் விளிம்பையே பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாருங்க" என்று படிவத்தை உறையில் போட்டு அவள் பைக்குள் அவரே செருகினார்.

பை கனத்தது. ஒரு காகிதம் அவ்வளவு கனக்குமா என்றால், கனத்தது. அதைக் களஞ்சியத்துக்கு அனுப்பினால் கட்டுரை பிழைக்கும், பலகை பிழைக்கும், வேட்டைக்காரி என்ற பேரும் பிழைக்கும். போவது ஒரு பகுதிதான். செத்துப்போனவர் வந்து கேட்கவா போகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள் என்பதை மறைத்து என்ன பயன்.

நேராகத் தமாஎ வீட்டுக்குப் போனாள். தமாஎ கொல்லையில் கடற்பாசிக் கூடைகளைக் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் போன பிறகும் கடற்பாசிச் சங்கத்தின் உலர்த்தும் கூடத்தில் வேலைக்குப் போகிறாள். அறுபது வயசு, வாய் கொஞ்சம் நீளம்.

"சோறு வேணும்னா முன்னாடியே சொல்லணும், ஹருயோ-சான். உங்க ஸ்கூல் அண்டா மாதிரி இங்க எந்நேரமும் கொதிச்சுக்கிட்டு இருக்காது."

ஹருயோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாய்களில் ஆரம்பித்து முத்திரை வரைக்கும். தமாஎ தேய்ப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் குழாயை மூடினாள்.

"அப்போ உங்களுதைக் காப்பாத்தணும்னா எங்க வீட்டுக்காரரை அறுத்து எறியணும். உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து எரியணும். அதானே?"

"ஆமா."

"வருஷக்கணக்கா என் வீட்டு மேஜையில உக்காந்து மத்தவன் காப்பியடிச்சதைப் பார்த்துச் சிரிச்சீங்க. அவரும் கூடச் சிரிச்சாரு."

"ஆமா."

"என்ன ஆமா ஆமான்னு. என்கிட்ட எதுக்கு வந்தீங்க? நான் சரின்னு தலையாட்டணும்னா? எதுக்குத் தலையாட்டச் சொல்றீங்க, அதையாவது சொல்லுங்க."

ஹருயோ வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, அவள் தலையாட்டல் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். முடிவைத் தமாஎ தலையில் கட்டிவிட்டுப் போகலாம் என்று.

"எதுக்கும் இல்லை" என்றாள். "உங்களுக்குத் தெரியாம செய்யக்கூடாதுன்னுதான் வந்தேன். அவரு எழுதினதை அறுக்க மாட்டேன். நானே போய்ச் சொல்லிடறேன். எல்லாம் போகும். திரும்ப எழுதறேன்."

"செத்தவரு எழுதினதை நீங்க எப்படித் திரும்ப எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டுத் தமாஎ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை ஹருயோ உறையைத் திருப்பிக் கொடுத்தாள். இஷிமாரு வாங்கிக்கொண்டு, "அப்போ எல்லாமே போகட்டும்னு சொல்றீங்க" என்றார். "சென்செயோடது உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்றேன்" என்றாள். அவர் பேரிக்காய்ப் பெட்டியையும் திருப்பித் தந்தார். பிரிக்கவே இல்லை.

அங்கிருந்தே ஹிராகவாவுக்குப் போன் போட்டாள்.

"வார்த்தை எல்லாம் மாறித்தானே இருக்கு? அப்புறம் எங்கங்க திருட்டு?" என்றார் அவர் பதறி. "நாளைக்கு அச்சுக்குப் போகணும். எழுபது வருஷத்துக்கு முந்தின விஷயம், யாருக்கும் சொந்தமில்லையே."

"நடந்தது யாருக்கும் சொந்தமில்லை. நாய் குரைச்சு நின்னதுல ஆரம்பிக்கணும்னு யோசிச்சது ஒருத்தரு. அந்த யோசனையைத்தான் நான் தூக்கிட்டு வந்துட்டேன். பலகையில முப்பத்தெட்டு பேரோட பேரைப் போடுங்க. அது போதும்."

"மேயர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நான் திருடிட்டேன்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, எத்தனையோ பேருடைய கட்டுரைக்கு எழுதிய அதே நீக்கல் கோரிக்கையைத் தன் கட்டுரைக்கு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் புத்தகத்தின் வாக்கியத்தையும் தன் வாக்கியத்தையும் மேலும் கீழுமாகப் போட்டாள். 'முதல் பதிப்பிலிருந்தே இப்படி. எழுதியவள் நான்தான்' என்று முடித்தாள். பதிவிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எழுந்து போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் அழுத்தினாள்.

ஒரு வாரம் கலந்துரையாடல். சும்மா விடுவார்களா? அவளிடம் உதை வாங்கினவர்கள் எத்தனை பேர். 'வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது' என்றார் ஒருவர். 'மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளை யார் சரிபார்ப்பது?' என்றார் இன்னொருவர். நான்தான் என்று சொல்லி, ஸ்கூல் திறந்த பிறகும் வேலை விட்டு வந்து ஒவ்வொன்றாகப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தாள். அந்த முதல் ஆறு மாதத்துக் கட்டுரைகளில் இன்னும் நாலு அகப்பட்டது. நாலையும் அவளே காட்டிக் கொடுத்தாள். சமையற்கூடத்தில் கைமறதியாக இரண்டு தரம் உப்புப் போட்டு, பெரிய டீச்சரிடம் பேச்சு வாங்கினாள். கன்ஜியின் பகுதியையாவது தனியே காப்பாற்ற வழி உண்டா என்று ஒருத்தர் கேட்டதற்கு நிர்வாகி ஒரு வரியில் பதில் போட்டார்: எழுதியவரே வந்து மறுபடி பதியலாம். எழுதியவர் எங்கிருந்து வருவார்?

செப்டம்பர் மூன்றாம் தேதி கட்டுரை போயிற்று. அந்த முகவரியில், இப்படி ஒரு பக்கம் இல்லை என்று மட்டும் வந்தது.

அதற்குள் அவள் புதிதாக எழுத ஆரம்பித்திருந்தாள். இந்த முறை கன்ஜி செய்வதைப் போல. கன்ஜி படிப்பார், குறிப்பு எடுப்பார், புத்தகத்தை வேறு அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவார், விஷயம் தெரியாத யாருக்காவது வாயால் சொல்லிப் பார்ப்பார், அப்புறம்தான் எழுதுவார். ஹருயோ பழைய செய்தித்தாள்களையும் ஆய்வறிக்கையையும் படித்துவிட்டு, சமையற்கூடத்தில் காய் நறுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவளுக்குப் புயலைச் சொன்னாள். அவள் எங்கெங்கே குறுக்கே கேள்வி கேட்டாளோ அந்த வரிசையில் எழுதினாள். அணை எப்போது கட்டினது, என்ன மண், எவ்வளவு உயரம் என்று அவளுடைய கட்டுரை தொடங்கியது. நாய்கள் ஒரே ஒரு இடத்தில் வந்தன. மேற்கோள் குறிக்குள், இஷிமாருவின் பெயரோடு, அவருடைய மூன்றே வாக்கியம். மதகைப் பற்றி அவர் சொல்வதையும் அவர் சொல்வதாகவே எழுதினாள்.

எல்லாம் வந்தது. ஏழாம் மதகுதான் வரவில்லை.

அறிக்கை முன்னால் கிடக்கிறது. அளவுகள் கிடக்கின்றன. எழுத உட்கார்ந்தால் வருவது கன்ஜியின் வாக்கியம். 'வெளியே கடல் ஏறியது. உள்ளே வாய்க்கால் காத்திருந்தது' என்று அவர் தொடங்கியிருந்தார். எட்டு வருஷத்தில் நூறு தரம் படித்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாலும், அறிக்கையைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தாலும், பக்கத்தில் நிற்கிறவளிடம் வாயால் சொன்னாலும், வார்த்தை மட்டும் மாறிக்கொண்டு அதே வரிசை, அதே மூச்சு. மறுபடி அதே வேலை. இந்தத் தடவை திருடுவது செத்துப்போன சிநேகிதரிடமிருந்து. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதி எழுதி அடித்தாள். பத்தாம் தேதி பலகை திறக்கிற அன்றைக்கு ஊரே களஞ்சியத்தில் தேடிப் பார்க்கும். ஏழாம் மதகு இல்லாமல், இஷிமாருவின் கூற்று மட்டும் இருக்கும். யோஷிமாட்சு மறுபடி மதகைத் திறந்துவிட்டுப் போனவராவார். எல்லாம் தன்னால்தான் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் மணி அடித்தது. தமாஎ. ரப்பர் செருப்பு, கூடத்து ஏப்ரன், கையில் துணியில் கட்டின ஒரு மூட்டை.

"அந்தப் பக்கத்தைப் படிச்சேன்" என்றாள் உள்ளே வராமலே. "உங்களை எல்லாரும் கிழிச்சது. நீங்களே உங்களைக் கிழிச்சுக்கிட்டது. வேலிங்கிறான், பயிருங்கிறான், எவன் அவன்?"

"அவன் சொன்னது சரிதான்."

"சரியா இருந்தா என்ன, எனக்குப் பிடிக்கலை." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மேஜையில் மூட்டையைப் பிரித்தாள். கன்ஜியின் மடிக்கணினி. மேலே நகராட்சி உறையில் குடும்பப் பதிவேட்டு நகல். "எழுதினவரே வந்து பதியலாம்னு ஒருத்தன் எழுதியிருந்தானே. எழுதினவரு வர முடியாது. அவரோட வலை, படகு எல்லாம் என் பேருக்கு வந்துச்சு. எழுத்து மட்டும் யாருக்கு வந்துச்சு? நகராட்சியில கேட்டேன். பொண்டாட்டிக்குத்தான்னு சொல்றாங்க."

ஹருயோவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை விதி மனப்பாடமாகத் தெரியும் அவளுக்கு. இந்த ஒன்று தோன்றவே இல்லை. கட்டுரையோடு போனது களஞ்சியத்தில் இருந்த பிரதிதான். கன்ஜியின் எழுத்து கன்ஜி வீட்டில், அவர் வாரிசின் கையில் இருக்கிறது.

"பழைய கட்டுரைக்குள்ள இருந்த மாதிரியா இருக்கு? நடுவுல என்னோடது கலந்திருந்தா..."

"நீங்களே பாருங்க. அவரு போனப்புறம் நேத்துத்தான் திறந்தேன். எனக்கு இதெல்லாம் தெரியாது."

கோப்பின் பெயர் 'தனியாக நிற்க வேண்டியது'. ஹருயோ திறந்தாள். ஏழாம் மதகு முழுசாக இருந்தது. களஞ்சியத்தில் ஹருயோவின் வாக்கியத்தைத் தொட்டுத் தொடங்கின இடங்களையெல்லாம் கன்ஜி மாற்றி எழுதி வைத்திருந்தார். அவளுடைய ஒரு சொல்லும் தேவைப்படாதபடி, மேலே கீழே எது இடிந்தாலும் தான் நிற்கும்படி. தலைப்புக்கு மேலே, தேதி போட்டு ஒரு குறிப்பு. ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி.

'இன்று நூலகத்தில் இஷிமாருவின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹருயோ-சானின் முதல் பகுதி முழுக்க அதுதான். அவருக்கே மறந்துவிட்டது போல. நான் சொன்னால் மதகும் சேர்ந்து போகும், அதனால் சொல்லவில்லை. என் தப்பு அது. என்றைக்காவது அவரே பார்ப்பார். பார்த்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை, போய்ச் சொல்லிவிடுவார். அன்றைக்கு இது தேவைப்படும்.'

ஹருயோ அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி, ஒரு மரியாதையும் இல்லாமல் அழுதாள். படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்த அந்தப் புதன்கிழமையில், செத்தவர் கேட்கவா போகிறார் என்று தான் நினைத்ததைத் தமாஎயிடம் சொல்லியும் விட்டாள்.

தமாஎ கேட்டுக்கொண்டாள். கழுத்துத் துண்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"நினைக்கிறதுக்கெல்லாம் விதி இருக்கா உங்க களஞ்சியத்துல?"

"இல்லை."

"அப்போ விடுங்க."

முதலில் வாரிசுக் கடிதத்தையும் பதிவேட்டு நகலையும் நிர்வாகிகளுக்கு அனுப்பினார்கள். பிறகு ஹருயோ தன் புதுக் கட்டுரையைப் பதிந்தாள். பிறகு தமாஎக்கு ஒரு கணக்குத் திறந்தார்கள். என்ன பெயர் வைக்க என்று ஹருயோ கேட்டதற்கு, "என் பேரைத்தான். ஒளிஞ்சுக்க நான் என்ன மீனா?" என்றாள். கன்ஜியின் பகுதியை எடுத்து இட வேண்டியதைத் தானே செய்து தருவதாக ஹருயோ சொன்னாள். தமாஎ அவள் கையைத் தட்டிவிட்டாள். கடற்பாசி உரித்து வெடித்த விரல்களால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, பதிவோடு சேர்க்க வேண்டிய தொகுப்புக் குறிப்பை அவளே அடித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'இதை எழுதியவர் என் கணவர் சொயெஜிமா கன்ஜி. அவர் இல்லாததால் மனைவி நான் பதிகிறேன்.'

அடித்துவிட்டு ஒரு தரம் படித்துப் பார்த்தாள். அப்புறம் ஹருயோவைப் பார்த்தாள். ஹருயோ இன்னும் துண்டுக்குள்தான் இருந்தாள்.

"அழுதது போதும், ஹருயோ-சான். எந்தப் பொத்தானை அமுக்கணும்னு சொல்லுங்க. மாமனார் எழுபது வருஷமா வாசல்ல நிக்கிறாரு."